நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை: அப்பா வைத்தார், மயங்கி விழுந்தார். எங்கே தப்பு?

கரிசல்மண் | சனி, இரவு 9.20

அப்பாவுக்கு வயது 68. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மதுரையில் ஆஞ்சியோ செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். அவரும் அம்மாவும் சாத்தூர் பக்கம் கிராமத்தில் இருக்கிறார்கள், நான் கோவையில். டிஸ்சார்ஜ் ஆனபோது, நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்லி சார்பிட்ரேட் 5 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு மேல் யாரும் விளக்கவில்லை, நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை.

போன செவ்வாய் விடியற்காலை நாலு மணிக்கு, நெஞ்சை யாரோ அமுக்குவது போல இருக்கிறது என்று எழுந்திருக்கிறார். அம்மாவை எழுப்பவில்லை. சட்டைப் பையில் இருந்த மாத்திரையை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் நடந்து போயிருக்கிறார். ரெண்டு மூணு நிமிஷத்தில் தலை கிறுகிறுத்து, துவைக்கிற கல் மேல் சாய்ந்து விழுந்துவிட்டார். புருவத்துக்கு மேல் நாலு தையல். வலி என்னவோ நின்றுவிட்டது. காலையில் ஆஸ்பத்திரியில் ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும் எடுத்து, மாரடைப்பு இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

ஊருக்குப் போய் அந்த மாத்திரையை வாங்கிப் பார்த்தேன். முழு அட்டை இல்லை. கடையில் கத்தரிக்கோலால் நாலு மாத்திரை அளவுக்கு வெட்டிக் கொடுத்த துண்டு. காலாவதித் தேதி இருந்த ஓரம் கடையிலேயே தங்கிவிட்டது. அப்பாவின் சட்டைப் பையில் அது சுண்ணாம்பு டப்பாவோடு கிடந்து, பின்பக்கத் தகடெல்லாம் தேய்ந்து வெளுத்திருந்தது. எப்போது வாங்கியது என்று அவருக்கே நினைவில்லை.

இந்த மாத்திரையை வைக்கிற முறை என்ன? அவர் ஏன் விழுந்தார்? அப்புறம், பக்கத்து வீட்டு மாமா எனக்கும் ரெண்டு கொடுப்பா, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று கேட்கிறார். அவருக்கு இதயக் கோளாறு என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை. கொடுக்கலாமா?

மருந்துப்பொட்டலம் | சனி, இரவு 10.05

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். கொடுக்காதீர்கள் தம்பி. நான் 31 வருஷம் மருந்துக் கடையில் நின்றவன். ஒருவருக்கு எழுதிய இதய மாத்திரையை இன்னொருவர் வாயில் வைக்கிற பழக்கம் நம் ஊரில் ரொம்ப அதிகம்.

அப்பா விழுந்தது மாத்திரை கெட்டுப்போனதால் இல்லை, அது நன்றாக வேலை செய்ததால். இது ரத்தக் குழாய்களைத் தளர்த்துகிற மருந்து, முக்கியமாக, ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் சிரைகளை. தளர்ந்த சிரைகளில் ரத்தம் கால் பக்கமாகத் தேங்கும், பிரஷர் இறங்கும். நிற்கிற ஆளுக்குத் தலைக்குப் போகும் ரத்தம் குறைந்து கிறுகிறுக்கும். அதனால்தான் உட்கார்ந்துகொண்டு வைக்க வேண்டும் என்கிறோம். கைப்பிடி உள்ள நாற்காலி, இல்லாவிட்டால் சுவரில் சாய்ந்து தரையில். வைத்த பிறகு கால் மணி நேரமாவது எழுந்து நடக்கக் கூடாது. மயக்கம் வருவது போல இருந்தால் படுக்க வைத்துக் காலைத் தலையணை மேல் தூக்கி வைக்க வேண்டும்.

வைக்கிற முறை: வாய் வறண்டிருந்தால் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து நனைத்துக்கொண்டு, நாக்கைத் தூக்கி அடியில் வைக்க வேண்டும். கரைகிற வரைக்கும் விழுங்கவோ, மேலே தண்ணீர் குடிக்கவோ கூடாது. அந்த இடத்தில் தோல் மெல்லியது, ரத்த நாளங்கள் மேலாகவே ஓடும். அங்கிருந்து மருந்து நேராக ரத்தத்தில் கலந்து இதயத்துக்குப் போகிறது. விழுங்கினால் குடல் வழியாக முதலில் கல்லீரலுக்குப் போகும். பெரும்பகுதியைக் கல்லீரல் அங்கேயே சிதைத்துவிடும், மிச்சம் வேலை செய்யவும் நேரமாகும். நாக்குக்கு அடியில் 2 முதல் 5 நிமிஷத்தில் பலன் தெரிகிற மருந்து அது.

வெட்டிய அட்டை விஷயம் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் நானும் அப்படி வெட்டிக் கொடுத்திருக்கிறேன். தேதி இருக்கிற பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். இந்த மாத்திரைக்கு முழு அட்டையே பெரிய விலை இல்லை.

பயணப்பை | சனி, இரவு 10.40

மேலே சொன்னதை முழுதாக ஏற்க முடியவில்லை. எங்கள் வீட்டில் எல்லோர் பர்ஸிலும் ஒரு சார்பிட்ரேட் இருக்கிறது. கான்பூரில் ஒரு இதய மருத்துவர் 'ராம் கிட்' என்று 7 ரூபாய்க்கு ஒரு பொட்டலமே கொண்டுவந்தாரே? ஆஸ்பிரின், ரோசுவாஸ்டாட்டின், சார்பிட்ரேட் மூன்றும் அதில் உண்டு. ஆம்புலன்ஸ் வருவதற்குள் போகிற உயிரைக் காப்பாற்றினால் நல்லதுதானே? கிராமத்தில் இருப்பவனுக்கு வேறு என்ன வழி?

இரவுப்பணி | ஞாயிறு, காலை 6.15

தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிற மருத்துவர் நான். பயணப்பை அவர்களின் கேள்வி நியாயமானது. அதை ஒரே வரியில் தட்டிக்கழிக்க மனமில்லை.

இரண்டு நிலைமைகளை நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று ஆஞ்சைனா. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் குறுகியிருக்கிறது. மாடிப்படி ஏறும்போது, வேகமாக நடக்கும்போது தேவைக்கு ரத்தம் போதாமல் நெஞ்சு இறுகுகிறது. மற்றது மாரடைப்பு. குழாய்க்குள் ரத்தம் உறைந்து வழி அடைத்துக்கொள்கிறது, அதற்கு அப்பால் உள்ள தசை சாகத் தொடங்குகிறது.

நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை இதயத்தின் பாரத்தைக் குறைக்கிறது. திரும்பி வரும் ரத்தம் குறைவதால் இதயம் குறைவாக உழைத்தால் போதும். இதயக் குழாய்களும் கொஞ்சம் விரியும். அதனால் ஆஞ்சைனா வலி நிற்கும். ஆனால் உறைந்த ரத்தக் கட்டியை அது தொடுவதே இல்லை. வண்டியில் இருக்கிற மூட்டைகளை இறக்கினால் மாட்டுக்குச் சுலபம்தான், பாதையில் விழுந்து கிடக்கிற மரம் அப்படியேதான் கிடக்கும்.

இது வெறும் விளக்கம் இல்லை, சோதித்துப் பார்த்தது. 1995இல் வெளிவந்த ஐசிஸ்-4 ஆய்வில் மாரடைப்பு என்று சந்தேகிக்கப்பட்ட 58,000க்கும் அதிகமானவர்களைச் சேர்த்தார்கள். சார்பிட்ரேட் சேர்ந்த நைட்ரேட் வகை மாத்திரையை வாய்வழியாகக் கொடுத்ததால் இறப்பு குறிப்பிடும்படி குறையவில்லை. அதற்கு முன் 1988இல் வந்த ஐசிஸ்-2 ஆய்வில், மாரடைப்பு வந்த உடனே ஆஸ்பிரின் தொடங்கி ஒரு மாதம் கொடுத்ததில், இதய, ரத்தக்குழாய்க் காரணங்களால் வரும் இறப்பு 23 சதவீதம் குறைந்தது. ஆக, அந்த 7 ரூபாய்ப் பொட்டலத்தில் உயிர் காக்கும் சரக்கு ஆஸ்பிரின்தான். நம் மக்கள் நினைவில் வைத்திருப்பதோ சார்பிட்ரேட்டை.

என் பயம் வேறு. இதயத்தின் கீழ்ப்பகுதியில் வரும் மாரடைப்பில் சிலருக்கு வலது அறையும் பாதிக்கப்படும். அப்போது அந்த இதயம் திரும்பி வரும் ரத்தத்தை நம்பித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே சார்பிட்ரேட் வைத்தால் பிரஷர் தடாலென்று சரியும். வெளியே பார்த்தால் அதே நெஞ்சு வலி, அதே வேர்வை. வித்தியாசம் ஈசிஜியில்தான் தெரியும். வீட்டில் பிரஷர் அளந்து மேல் எண் 90க்குக் கீழே இருந்தால் கண்டிப்பாக வைக்காதீர்கள். இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வழியில் இருக்கிற அயோர்டிக் வால்வு ரொம்பச் சுருங்கியவர்களுக்கும் இது ஆகாது.

கரிசல்மண் அவர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும், தயவுசெய்து இதை ஒதுக்கிவிடாதீர்கள். அப்பாவுக்கு வலி வந்தது விடியற்காலை நாலு மணிக்கு, தூக்கத்தில். உழைப்பில் வந்த வலி இல்லை. ஸ்டென்ட் வைத்த ஒருவருக்கு ஓய்வில் புதிதாக நெஞ்சு இறுகினால், அன்றைய ஈசிஜி சரியாக இருந்தாலும் விஷயம் முடிந்துவிடவில்லை. இந்த வாரமே இதய மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். வண்டி ஏறுவதற்குள் மறுபடி வலி வந்தால் நேராக அவசரப் பிரிவு.

மூத்தமகள் | ஞாயிறு, காலை 8.30

இதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

என் பெரியப்பா கல்யாண வீட்டில் பந்தி முடிந்து உட்கார்ந்திருந்தார். நெஞ்சில் எரிச்சல், இடது தோளில் குடைச்சல். முதலில் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். அப்புறம் ஒருவர் தன் பையிலிருந்து சார்பிட்ரேட் எடுத்து வைத்தார். பத்து நிமிஷத்தில் பெரியப்பா, "இப்போ பரவாயில்லம்மா, கேஸ்தான் போல" என்றார். எல்லோருக்கும் நிம்மதி. பாயை விரித்துப் படுக்க வைத்தோம். நான்தான் விசிறிக்கொண்டிருந்தேன். மூன்று மணி நேரம் கழித்து மறுபடி வலி வந்து, வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது நாடி இல்லை. ஜி.ஹெச். அந்த மண்டபத்திலிருந்து ஆறு கிலோமீட்டர்தான்.

மாத்திரை கொடுத்தவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நல்ல எண்ணத்தில்தான் கொடுத்தார். அது வலியைக் குறைத்ததைப் பார்த்து நாங்கள் எல்லோரும் உட்கார்ந்துவிட்டோம்.

இரவுப்பணி | ஞாயிறு, காலை 9.10

அம்மா, நீங்கள் எழுதியதை என் மாணவர்களுக்குப் படித்துக் காட்ட அனுமதி கேட்கிறேன்.

மாத்திரையில் வலி குறைந்தால் இதய வலி, குறையாவிட்டால் கேஸ் என்று ஊரில் ஒரு கணக்கு இருக்கிறது. தலைகீழாகவும் சொல்வார்கள். இரண்டும் தவறு. 2003இல் அமெரிக்காவில் நெஞ்சு வலியோடு அவசரப் பிரிவுக்கு வந்த 459 பேரிடம் பார்த்தார்கள். சார்பிட்ரேட் வகையைச் சேர்ந்த நைட்ரோகிளிசரினில் வலி குறைந்தவர்கள், இதயக் காரணம் உள்ளவர்களில் 35 சதவீதம், இல்லாதவர்களில் 41 சதவீதம். உணவுக்குழாய் இறுக்கமும் இதே மருந்தில் தளரும். மாத்திரையை வைத்து நோயைக் கண்டுபிடிக்க முடியாது. சர்க்கரை உள்ளவர்களுக்கும் வயதான பெண்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் மூச்சு வாங்கலும் வேர்வையுமாகக்கூட மாரடைப்பு வரும்.

மூத்தமகள் | ஞாயிறு, காலை 9.25

படித்துக் காட்டுங்கள் டாக்டர்.

துணைநிலையம் | ஞாயிறு, பகல் 1.50

கிராமத்தில் வேறு என்ன வழி என்று கேட்டதற்காக எழுதுகிறேன். துணை சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கிறேன். தமிழக அரசு 2023 ஜூனில் 'இதயம் காப்போம்' என்று ஒரு திட்டம் தொடங்கியது பலருக்குத் தெரியவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் எங்களைப் போன்ற துணை நிலையங்களிலும் மாரடைப்பு என்று வருபவர்களுக்கு உடனே ஒரே தடவையாகக் கொடுக்கிற லோடிங் டோஸ் வைத்திருக்கிறோம். ஆஸ்பிரின் 150 மில்லிகிராம் இரண்டு, குளோபிடோக்ரெல் 75 மில்லிகிராம் நான்கு, அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் எட்டு. மொத்தம் 14 மாத்திரை, ஒரே தடவையில்.

கவனித்துப் பாருங்கள், அந்த 14இல் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை ஒன்றுகூட இல்லை. எல்லாமே ரத்தம் மேலும் உறையாமல் தடுக்கவும் குழாயின் உட்சுவரைக் காக்கவும் கொடுப்பவை. கொடுத்துவிட்டு 108இல் ஏற்றிப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவோம். கட்டியைக் கரைக்கிற ஊசியோ ஆஞ்சியோவோ அங்கேதான்.

போன மழைக்காலத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவரை அவர் மகன் பைக்கில் நடுவில் உட்கார வைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ளக் கூட்டி வந்தார். பனியன் பிழிந்தால் தண்ணீர் சொட்டும், அப்படி வேர்வை. பதினாலு மாத்திரையை ஒரே கையில் பார்த்துவிட்டு, "இத்தனையாம்மா?" என்று கேட்டார். ஒவ்வொன்றாக எண்ணி வாயில் போட்டேன். இப்போது ஆடு மேய்க்கப் போவதில்லை, ஆனால் எங்கள் நிலையத்துக்குப் பிரஷர் பார்க்க மாதம் தவறாமல் வருகிறார்.

வலிகாமத்தான் | ஞாயிறு, மாலை 6.00

நான் யாழ்ப்பாணம். இங்கே நெஞ்சுநோவுக்கு நாக்குக்குக் கீழே வைக்கிற குளிசை என்றால் பெரும்பாலும் ஜிடிஎன்தான், அதாவது நைட்ரோகிளிசரின். அம்மா பத்து வருடமாக வைத்திருக்கிறா. அது ஆவியாகிப் போகிற மருந்து என்பதால் மண்ணிறக் கண்ணாடிப் போத்தலில்தான் இருக்க வேணும், பஞ்சு அடைக்கவும் கூடாது, பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றவும் கூடாது என்று பாமசியில் படித்துப் படித்துச் சொல்லி விட்டார்கள். திறந்த திகதியைப் போத்தலில் எழுதி, எட்டுக் கிழமை கழிந்தால் எறிந்துவிட்டுப் புதுசு வாங்குவோம். அந்தத் திகதி எழுதுகிற வேலை என் மகளுடையது.

இங்கே அவசரத்துக்கு 1990 என்ற எண்ணில் கூப்பிடுகிற சுவசெரிய அம்புலன்ஸ். வடக்குக்கு அது 2018இல்தான் வந்தது. அதற்கு முன்னம் ஓட்டோ பிடித்துத்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

மருந்துப்பொட்டலம் | ஞாயிறு, மாலை 6.40

வலிகாமத்தான் ஐயா சொன்னது நைட்ரோகிளிசரினுக்கு. நம் பக்கம் அதிகம் புழங்குகிற சார்பிட்ரேட் வேறு மருந்து, ஐசோசார்பைடு டைநைட்ரேட். அது அவ்வளவு சீக்கிரம் ஆவியாகாது, அட்டையிலேயே தாங்கும். ஆனாலும் வெயிலும் வேர்வையும் ஆகாது. பைக் டேங்க் கவரிலும் கார் டேஷ்போர்டிலும் வைக்காதீர்கள்.

புதுவரவு4 | ஞாயிறு, இரவு 11.30

கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கணவருக்கு வயது 54, ஆஞ்சைனாவுக்கு மாத்திரை சாப்பிடுகிறார். தாம்பத்யத்துக்காக இன்னொரு மாத்திரையும் டாக்டரிடம் சொல்லாமல் கடையில் வாங்குகிறார். இரண்டும் சேரலாமா?

இரவுப்பணி | திங்கள், காலை 5.50

நீங்கள் கேட்டது நல்லதாயிற்று. கூடவே கூடாது. சில்டெனாஃபில் சாப்பிட்ட 24 மணி நேரத்துக்குள்ளும், டடாலஃபில் சாப்பிட்ட 48 மணி நேரத்துக்குள்ளும் நைட்ரேட் எந்த வடிவிலும் போகக் கூடாது. இரண்டும் ஒரே வழியில் குழாயைத் தளர்த்துபவை. சேர்ந்தால் பிரஷர் இறங்கி எழாமலே போகலாம். அவர் ஆஞ்சைனாவுக்குத் தினமும் சாப்பிடுவது நைட்ரேட் வகையில் ஒன்றான மோனோநைட்ரேட் என்றால், அந்த இன்னொரு மாத்திரைக்கு இடமே இல்லை. அட்டையைப் படம் பிடித்து உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் மாற்று வழி சொல்வார், கோபித்துக்கொள்ள மாட்டார். நெஞ்சு வலியோடு அவசரப் பிரிவுக்கு வரும் ஆண்களிடம் நாங்கள் இதைக் கேட்பது வம்புக்காக இல்லை. உறவினர்கள் சுற்றி நிற்கும்போது கேட்டால் யாரும் உண்மை சொல்வதில்லை, அதனால் நான் திரைக்குள் தனியாகக் கேட்பேன்.

பழையஏடு | திங்கள், இரவு 8.15

இந்த மருந்தின் பிறப்பு எனக்கு எப்போதும் வியப்பு. 1847இல் இத்தாலியின் டூரின் நகரில் அஸ்கானியோ சொப்ரேரோ நைட்ரோகிளிசரினைத் தயாரித்தார். துளி நாக்கில் பட்டதும் தலை பிளக்கிற வலி வந்ததாக எழுதிவைத்தார். அதே தலைவலியைத்தான் இன்றைக்கும் சார்பிட்ரேட் வைத்தவர்கள் சொல்கிறார்கள். வெடிக்கும் அந்த எண்ணெயை அடக்கி 1867இல் டைனமைட் ஆக்கினார் ஆல்பிரட் நோபல். 1879இல் லண்டனில் வில்லியம் மரெல் அதை ஆஞ்சைனாவுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார். கடைசியில் நோபலுக்கே இதய நோய் வந்து, 1896இல் மருத்துவர்கள் அவருக்கு எழுதிக் கொடுத்த மருந்தும் நைட்ரோகிளிசரின்தான். கடைக்காரரும் மக்களும் மிரளக் கூடாது என்று அதற்கு டிரைனைட்ரின் என்று வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், விதியைப் பாருங்கள் என்று நண்பருக்குக் கடிதம் எழுதினார். அந்த டிசம்பரில் இறந்துபோனார். மருந்து உடலுக்குள் நைட்ரிக் ஆக்சைடாக மாறித்தான் குழாயைத் தளர்த்துகிறது. அந்த வாயு நம் ரத்தக் குழாய்களிலேயே செய்தி சொல்லும் பொருள் என்று கண்டுபிடித்த மூவருக்கு 1998இல் அதே நோபல் பெயரில் பரிசு கிடைத்தது.

டைனமைட் ஆலைத் தொழிலாளிகளுக்கு ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கள்கிழமை வேலைக்கு வந்தால் தலைவலி கொல்லும். வாரத்தின் நடுவில் பழகிவிடும்.

இரவுப்பணி | திங்கள், இரவு 9.00

அந்தத் திங்கள்கிழமைத் தலைவலியில் நமக்கும் வேலை இருக்கிறது. உடம்பு நைட்ரேட்டுக்குப் பழகிவிட்டால் மருந்து கேட்காது. அதனால்தான் மோனோநைட்ரேட்டை இரண்டு வேளை என்றாலும் காலையும் மதியமுமாக எழுதி, இரவில் இடைவெளி விடுகிறோம். மதிய மாத்திரையை மறந்து ராத்திரி போட்டுக்கொள்கிறவர்கள் கவனிக்க.

பயணப்பை | திங்கள், இரவு 10.10

பர்ஸில் இருந்ததை எடுத்துவிட்டேன். வேறு என்ன வைக்கலாம், தெளிவாகச் சொல்லுங்கள் டாக்டர். அப்புறம், என் மாமியாருக்குப் பிரஷர் ஏறினால் கேப்சூலை ஊசியால் குத்தி நாக்குக்கு அடியில் பிழிவார்கள். அதுவும் இப்படித்தானா?

இரவுப்பணி | செவ்வாய், காலை 6.30

கேப்சூல் நிஃபெடிபின். அந்தப் பழக்கத்தை நிறுத்துங்கள். பிரஷர் எவ்வளவு இறங்கும் என்று கணிக்கவே முடியாது. பக்கவாதமும் மாரடைப்பும் வந்திருக்கின்றன. 1996இலேயே இதை நிறுத்தச் சொல்லி எழுதிவிட்டார்கள்.

இதய நோய் இல்லாதவர் வீட்டில் 300 மில்லிகிராம் அளவுக்கு ஆஸ்பிரின் இருந்தால் போதும். மாரடைப்பு போலத் தெரிந்தால் முதலில் 108ஐக் கூப்பிட்டுவிட்டு, மென்று விழுங்க வேண்டும். ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவர், ரத்த வாந்தி அல்லது கறுப்பாக மலம் போகிறவர், கை கால் இழுத்துக்கொண்டவர், இவர்களுக்குக் கூடாது. சார்பிட்ரேட் எழுதிக் கொடுக்கப்பட்டவர் மட்டும் உட்கார்ந்து ஒன்று வைத்து, ஐந்து நிமிஷம் பார்க்க வேண்டும். குறையவில்லை, கூடுகிறது என்றால் அப்போதே 108. வண்டி வருகிற வரை, மயக்கம் இல்லாவிட்டால், ஐந்து நிமிஷ இடைவெளியில் இன்னொன்று. மொத்தம் மூன்றுக்கு மேல் வேண்டாம். முன்பெல்லாம் மூன்றையும் வைத்துப் பார்த்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னார்கள். அதில் கால் மணி நேரம் வீணாகிறது என்று மாற்றிவிட்டார்கள்.

கரிசல்மண் | மறு சனி, இரவு 9.45

டாக்டர் சொன்னதைக் கேட்டு புதன்கிழமை அப்பாவை மதுரைக்குக் கூட்டிப் போனேன். வர மாட்டேன் என்றுதான் அடம்பிடித்தார், கேஸ்தான் என்றார். மூத்தமகள் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் வேட்டியை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் ஆஞ்சியோவில் பழைய ஸ்டென்ட் நன்றாக இருந்தது. இன்னொரு குழாயில் 90 சதவீத அடைப்பு. அங்கேயே இரண்டாவது ஸ்டென்ட் வைத்தார்கள். இன்று வீட்டுக்கு வந்துவிட்டோம்.

புது மாத்திரையை முழு அட்டையாக வாங்கினேன். தேதி உள்ள பக்கம் மேலே தெரிகிற மாதிரி ஒரு மூடி போட்ட டப்பாவில் வைத்து, கட்டிலுக்குப் பக்கத்துச் சுவர் மாடத்தில் வைத்திருக்கிறது. ஆஸ்பிரின் வேறு டப்பா. அம்மாவுக்குப் படிக்க வராது, அதனால் போனில் 1ஐ அழுத்திப் பிடித்தால் 108க்குப் போகிற மாதிரி வைத்துக் கொடுத்தேன். கட்டிலை ஒட்டி ஒரு கைப்பிடி நாற்காலியும் போட்டாயிற்று. அம்மா அதில் யாரையும் துணி போட விடுவதில்லை.

பக்கத்து வீட்டு மாமாவை நாளைக் காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு பிரஷர், சுகர் பார்க்கக் கூட்டிப் போகிறேன்.